உயர்நிலைப் பள்ளியில் நாடகம் ஒரு பாடம்

நம் சங்க விழாக்களில் பிள்ளைகள் நாடகம் இல்லாத ஆண்டு இல்லை. விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது யாராவது ஒருவர் நாடகம் எழுதுவார். வசனத்தைப் பங்கிட்டுக் கொடுப்பார். நாலைந்து ஒத்திகை நடக்கும். பிள்ளைகள் மேடையேறி இறங்கியதும் பெற்றோர் படம் எடுத்துக்கொள்வார்கள். மறுவாரம் கேட்டால் ஒரு வரி கூடப் பிள்ளைகளுக்கு நினைவிருக்காது. தில்லியில் நானும் பல ஆண்டுகள் இப்படித்தான் நாடகம் போட்டு வந்தேன். நாடகம் போடுவது வேறு, நாடகம் படிப்பது வேறு என்பது எனக்குப் புரிவதற்கு ஒரு பையன் மேடையில் தலைகுனிந்து நிற்க வேண்டியிருந்தது.

அந்த அனுபவத்தையும், அதன்பின் எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான நம் பிள்ளைகளோடு நாடகத்தை ஒரு பாடமாகவே நடத்தியபோது கற்றவற்றையும் இங்கே எழுதுகிறேன். வேற்று மாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் பெற்றோருக்கும், சங்கங்களில் வகுப்பு நடத்தும் அன்பர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

ஒரு பொங்கல் விழாவில்

அந்த ஆண்டு நான் எழுதியது ஒரு கிராமத்துக் குடும்பக் கதை. தகப்பனாராக நடித்தவன் ஒன்பதாம் வகுப்புப் பையன். வீட்டில் அப்பாவும் அம்மாவும் தமிழில் பேசினால் இந்தியில் பதில் சொல்லுகிறவன். தமிழ் எழுத்துத் தெரியாததால் என் வசனங்களை இந்தி எழுத்தில் எழுதிக்கொண்டு நெட்டுருப் போட்டான். ஒத்திகையில் ஒரு சொல் பிசகவில்லை. நானும் மற்றவர்களிடம் அவனைக் காட்டிப் பெருமைப்பட்டேன்.

மேடையில் மகனாக நடித்த பையன் பதற்றத்தில் நான்கு வரிகளைத் தாண்டிவிட்டு, "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டான். நம் பையன் உரத்த குரலில், "முடியாது! நிலத்தை விற்க மாட்டேன்!" என்றான். அரங்கம் முழுவதும் சிரிப்பு. ஏன் சிரிக்கிறார்கள் என்று அவனுக்குப் புரியவில்லை. புரிந்தபோது அடுத்த வரி வரவில்லை. சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவன் மேடையைவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

இரண்டு வாரம் கழித்து அவன் தாயார் தொலைபேசியில் சொன்னார்: "ஸார், அவன் இனிமே நாடகத்துக்கு வரல்லைங்கறான். அதுகூடப் பரவாயில்லை. தமிழே வேண்டாம்னு சொல்றான்."

நாடகப் பயிற்சி பெற்ற நண்பர் ஒருவரிடம் இதைச் சொல்லி வருந்தினேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எதிரில் இருப்பவன் பேசுவதைக் கேட்க அவனுக்குச் சொல்லிக் கொடுத்தீர்களா?" இல்லை. பேச மட்டுமே சொல்லிக் கொடுத்திருந்தேன். தவறு பையனுடையது அல்ல, என்னுடையது.

நாடகக் கல்வியில் என்ன இருக்கிறது?

நாடகத்தைப் பாடமாகப் படிப்பது என்றால் நான்கு வேலைகளைப் பழகுவது என்று சொல்லலாம். நாடகப் பிரதிகளை வாசிப்பது முதலாவது. தாங்களே கூடி ஒரு காட்சியை உருவாக்குவது இரண்டாவது. அதை நடித்துக் காட்டுவது மூன்றாவது. பிறர் நடித்ததைப் பார்த்து, நன்றாக இருந்தது என்பதோடு நில்லாமல், எது ஏன் நன்றாக இருந்தது என்று சொல்லவும் எழுதவும் பழகுவது நான்காவது. நம் சங்க நாடகங்களில் மூன்றாவதை மட்டும், அதுவும் கடைசி மூன்று வாரத்தில், செய்து வந்திருக்கிறோம்.

பள்ளிக் கல்வியில் நாடகத்தைப் பயன்படுத்தும் முறைக்கு நல்ல வரலாறு உண்டு. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தின் பெல்கிரேட் அரங்கம் 1965-இல் கல்விக்கான நாடகக் குழு ஒன்றைத் தொடங்கியது. தில்லியில் 1959-இல் நிறுவப்பட்ட தேசிய நாடகப் பள்ளி, பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு குழுவை 1989-இல் ஏற்படுத்தியது. 'சம்ஸ்கார் ரங் டோலி' என்ற பெயருடைய அந்தக் குழு, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறைப் பயிலரங்குகளை நடத்தி வந்திருக்கிறது.

நமக்கு நெருக்கமான முன்மாதிரி ஒன்றும் இருக்கிறது. வயோலா ஸ்போலின் என்ற அமெரிக்கப் பெண்மணி 1930-களின் இறுதியில் சிகாகோவில், பல நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நாடகம் கற்பிக்கும் பொறுப்பில் இருந்தார். ஒருவர் மொழி மற்றவருக்குச் சரளமாக வராத அந்தக் கூட்டத்தில் விளக்கவுரைகள் எடுபடவில்லை. ஆகவே நடிப்பை விளையாட்டுகளாக மாற்றினார். அந்த விளையாட்டுகளைத் தொகுத்து 1963-இல் அவர் வெளியிட்ட நூல் இன்று உலகமெங்கும் நாடக வகுப்புகளில் பயன்படுகிறது. குடியேறியவர்களின் பிள்ளைகளுக்காகப் பிறந்த முறை, குடியேறிய நம் பிள்ளைகளுக்கும் பொருந்துவதில் வியப்பில்லை.

முதல் பாடம்: கேட்பது

மறு ஆண்டு ஜூலையில் பிரதி எதுவும் இல்லாமல் வகுப்பைத் தொடங்கினேன். சனிக்கிழமை மாலை ஒன்றரை மணி நேரம். முதல் ஆறு வாரம் வசனமே கிடையாது. செய்த பயிற்சிகளில் மூன்றைச் சொல்லுகிறேன்.

முதலாவது கண்ணாடி. இருவர் எதிரெதிரே நிற்க வேண்டும். ஒருவர் மெதுவாகக் கையை அசைத்தால் மற்றவர் பிம்பம் போல அதே கணத்தில் அசைக்க வேண்டும். சிறிது நேரத்தில் ஆளை மாற்ற வேண்டும். பிறகு, யார் நடத்துகிறார் யார் பின்பற்றுகிறார் என்று பார்ப்பவருக்குத் தெரியாதபடி செய்ய வேண்டும். எதிரில் இருப்பவரை விட்டுக் கண்ணை எடுத்தால் ஆட்டம் கலைந்துவிடும்.

இரண்டாவது பொருளில்லாப் பேச்சு. கடைக்காரரிடம் பழைய சட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் சண்டை போட வேண்டும். எந்த மொழியும் இல்லாமல் வெறும் ஓசையில் பேச வேண்டும். தமிழ் நன்றாக வருகிற பிள்ளையும் தடுமாறுகிற பிள்ளையும் இதில் சமம். 'எனக்குத் தமிழ் வராது' என்று மூலையில் நின்ற பெண்தான் முதல் நாள் எல்லாரையும்விட நன்றாகச் சண்டை போட்டாள். குரலின் ஏற்ற இறக்கமே பாதிப் பொருளைச் சொல்லிவிடுகிறது என்று அன்றைக்கே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது.

மூன்றாவது தொலைபேசி. ஊரில் இருக்கும் பாட்டியோடு பேசும் காட்சி. நம் வீட்டுப் பிள்ளைகள் பாட்டியிடம் என்ன பேசுவார்கள் என்பது நாம் அறிந்ததே. "நல்லா இருக்கேன் பாட்டி, நீங்க நல்லா இருக்கீங்களா, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று மூன்று வாக்கியத்தில் முடிந்துவிடும். வகுப்பிலும் முதலில் அப்படியேதான் முடிந்தது. பிறகு ஒவ்வொருவரையும் பாட்டியாக நடிக்கச் சொன்னேன். பாட்டிக்கு என்ன வேண்டும்? எதற்காகக் காத்திருந்தாள்? கேட்க நினைத்துக் கேட்காமல் விடுவது எது? ஒரு பத்தாம் வகுப்புப் பெண் பாட்டியாக உட்கார்ந்து, பேத்தி தொலைபேசியைத் தாயிடம் கொடுத்த பிறகும், "அவளைக் கொஞ்சம் இரு சொல்லு" என்றாள். யாரும் எழுதிக் கொடுக்காத வசனம் அது. வகுப்பு நிசப்தமாகிவிட்டது.

ரஷ்ய நாடக ஆசான் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி நடிகனைக் கேட்கச் சொன்ன கேள்விகளும் இந்த வகையைச் சேர்ந்தவையே. நான் யார், எங்கே இருக்கிறேன், எனக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது? இவற்றுக்கு விடை தெரிந்தால் வசனம் மறந்தாலும் பேச்சு நிற்காது. நம் பையனுக்கு நான் இவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

இரண்டாம் பாடம்: மெய்ப்பாடு

நடிப்புக்கு மேனாட்டு நூல்களை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை. நாட்டிய சாத்திரம் அபிநயத்தை உடல், மொழி, ஒப்பனை, உள்ளுணர்வு என்று நான்காகப் பிரிக்கிறது. நம் தொல்காப்பியமோ மெய்ப்பாட்டியல் என்று தனி இயலே வைத்திருக்கிறது. உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தோன்றுவதே மெய்ப்பாடு. அவை எட்டு. ஒவ்வொன்றும் நான்கு காரணங்களால் பிறக்கும் என்பதால் மொத்தம் முப்பத்திரண்டு. பொருளதிகாரத்தைத் தேர்வுக்காக மட்டுமே படித்தவர்கள் இதை ஒரு நடிப்புப் பாடமாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வகுப்பில் அழுகையை எடுத்துக்கொண்டோம். அழுது காட்டச் சொன்னால் எல்லாரும் தொலைக்காட்சித் தொடர்களில் வருவதுபோல இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்கள். பிறகு தொல்காப்பியர் கூறும் நான்கு காரணங்களையும் கரும்பலகையில் எழுதினேன். பிறர் இகழ்வதால் வருவது இளிவு. உற்றாரையோ பொருளையோ இழப்பதால் வருவது இழவு. முன்பிருந்த நிலை கெடுவதால் வருவது அசைவு. இல்லாமையால் வருவது வறுமை. நான்கு குழுக்கள் ஆளுக்கொரு காரணத்தை எடுத்துக்கொண்டு இரண்டு நிமிடக் காட்சி அமைக்க வேண்டும்.

இளிவுக்கு வந்த குழு, பள்ளியில் புதிதாகச் சேர்ந்த தமிழ்ப் பெண்ணின் இந்தி உச்சரிப்பை மற்றவர்கள் திருப்பிச் சொல்லிச் சிரிக்கும் காட்சியைக் காட்டியது. அந்தப் பெண் முகத்தை மூடவில்லை. தானும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண் கலங்கியது. இலக்கண நூலின் ஒரு சொல் தங்கள் வாழ்க்கையைச் சொல்லுகிறது என்று பிள்ளைகள் கண்டுகொண்ட நாள் அது.

வாசிப்பும் பார்த்தலும்

பிரதி வாசிப்புக்குத் தில்லிப் பிள்ளைகளுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. தருமவீர் பாரதியின் 'அந்தா யுக்' நாடகத்தை இப்ராஹிம் அல்காஸி 1963-இல் பெரோஸ் ஷா கோட்லாவின் இடிபாடுகளுக்கு நடுவே மேடையேற்றினார். கிரீஷ் கர்னாட் கன்னடத்தில் எழுதிய 'துக்ளக்' நாடகத்தைப் புராணா கிலாவில் நடத்தினார். துக்ளக்கின் கதையை அதன் நகரத்திலேயே வாசிப்பது வரலாற்றுப் பாடத்துக்கும் துணை.

தமிழிலிருந்தும் தில்லிக்கு ஒரு நாடகம் வந்திருக்கிறது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த இந்திரா பார்த்தசாரதி, 'ஔரங்கசீப்' என்ற நாடகத்தைத் தமிழில் எழுதினார். அது இந்தியிலும் மேடையேறியது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதைக் காட்சி காட்சியாக வாசிக்கலாம். ஒரே வசனத்தைத் தமிழிலும் இந்தியிலும் பேசிப் பார்த்து, எது எந்த மொழியில் எப்படி மாறுகிறது என்று பேசச் சொல்லலாம். இரண்டு மொழியும் அறிந்த நம் பிள்ளைகளுக்குத்தான் அது கைவரும்.

நாடகம் பார்க்கப் போகும் போதும் ஒரு வேலை கொடுத்தனுப்ப வேண்டும். ஒருவர் ஒளியை மட்டும் கவனிக்க வேண்டும். ஒருவர் பேசாமல் நிற்கும் நடிகரை மட்டும் பார்க்க வேண்டும். ஒருவர் எந்த இடத்தில் சபை இருமத் தொடங்கியது என்று குறித்துவர வேண்டும். இருமல் தொடங்கும் இடத்தில் நாடகம் தொய்ந்திருக்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்.

பள்ளிப் பாடத்திட்டத்தில் இடம்

பள்ளியில் இதற்கு இடமுண்டா என்று பெற்றோர் கேட்கலாம். 2005-ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டம் இசை, நடனம், ஓவியம் முதலியவற்றோடு நாடகத்தையும் பத்தாம் வகுப்பு வரை கற்பிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2020-இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, கலைப்பாடம், அறிவியல் பாடம் என்ற கடும் பிரிவினை வேண்டாம் என்றது. 2023-இல் வெளியான பள்ளிக் கல்விக்கான கலைத்திட்டமும் கலைக்கல்வியில் நாடகத்தைச் சேர்த்திருக்கிறது. ஏட்டில் இடம் இருக்கிறது. கற்பிக்க ஆசிரியரும், கால அட்டவணையில் ஒரு பீரியடும் எல்லாப் பள்ளிகளிலும் இருப்பதாகச் சொல்ல முடியாது. பெற்றோர் கூட்டத்தில் கணக்கு மதிப்பெண்ணைக் கேட்பதுபோல், 'நாடக வகுப்பு எந்தக் கிழமை?' என்றும் நாம் ஒருமுறை கேட்கலாம். அதுவரை சங்கத்தின் ஓர் அறையே போதும். மேடை, திரை, விலையுயர்ந்த விளக்கு எதுவும் இல்லாமல் நாடகம் நடத்தலாம் என்று வங்கத்தின் பாதல் சர்க்கார் தம் 'மூன்றாம் அரங்கு' மூலம் காட்டியிருக்கிறார்.

மதிப்பெண் போடுவது எப்படி என்பதும் கேள்விதான். எங்கள் வகுப்பில் நூற்றுக்கு இவ்வாறு பிரித்துக்கொண்டோம்: வாரந்தோறும் எழுதும் நாடகக் குறிப்பேட்டுக்கு 30, ஒத்திகையில் மற்றவர்களோடு இணைந்து உழைத்ததற்கு 30, பார்த்த நாடகத்தைப் பற்றிய விமரிசனத்துக்கு 20, மேடைக்கு 20. மேடைக்கு ஐந்தில் ஒரு பங்குதான் என்பதைக் கண்டு சில பெற்றோர் வியந்தார்கள். கூச்சமுள்ள பிள்ளைகள் மூச்சுவிட்டார்கள்.

பெற்றோரின் அச்சம்

'கூத்தாடி' என்பதை நாம் இன்றும் வசைச்சொல்லாகப் பயன்படுத்துகிறோம். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர் நாடகக் கம்பெனிகளில் சின்னஞ்சிறு பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். ஔவை தி. க. சண்முகம் 1918-இல் மேடைக்கு வந்தபோது அவருக்கு ஆறு வயது. அந்தக் கம்பெனிகள் தமிழுக்கு மாபெரும் நடிகர்களைத் தந்தன. ஆனால் அங்கே சேர்ந்த பிள்ளைகள் பள்ளிப் படிப்பை விட்டுவிட்டே சேர வேண்டியிருந்தது. நம் பாட்டனார்கள் பயந்ததில் நியாயம் உண்டு.

இன்றைய நாடகக் கல்வி பள்ளிப் படிப்போடு சேர்ந்தே நடப்பது. தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்பில் சேரவே பட்டம் பெற்றிருக்க வேண்டும். பதினைந்து வயதில் யாரும் எதையும் விட்டுவிட வேண்டியதில்லை. எங்கள் வகுப்பிலும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை டிசம்பரோடு அனுப்பிவிடுவோம். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் நடிகர் ஆகப் போவதில்லை. வாய்மொழித் தேர்விலும் நேர்முகத்திலும் எதிரில் இருப்பவர் கேட்டதைக் கேட்டு, அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்களாக ஆவார்கள்.

அந்தப் பையன்

அவன் அக்டோபரில் வந்தான். தங்கைக்குத் துணையாக வந்தவன் கதவருகே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் வாரம் நான் கேட்காமலே, "ஸார், மேடைக்கு வர மாட்டேன். பிராம்ப்ட் பண்ணட்டுமா?" என்றான். அந்தத் தடவை பிள்ளைகள் தாங்களே பேசி உருவாக்கிய நாடகத்தை நான் தமிழில் எழுதி வைத்திருந்தேன். பக்கவாட்டில் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவருக்குத் தமிழ் எழுத்து வேண்டுமே என்றேன். பேசாமல் போனான். அடுத்த வாரம் தங்கையின் அரிச்சுவடிப் புத்தகத்தோடு வந்தான். பொங்கலுக்குள் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியவன், பிரதி முழுவதையும் விரல் வைத்துத் தொடர்ந்து படிக்கும் அளவுக்கு வந்துவிட்டான். நான் ஆண்டுக்கணக்கில் 'தமிழ் படி' என்று சொல்லி நடக்காத காரியம் அது.

விழா நாளில் பாட்டியாக நடித்த பெண் நடுவில் வரியை மறந்துவிட்டாள். திரைக்குப் பின்னால் எனக்கு நெஞ்சு படபடத்தது. பிரதியைக் கையில் வைத்திருந்த பையன் வாயைத் திறக்கவில்லை. மேடையில் பேத்தியாக இருந்தவள், "என்ன பாட்டி, யோசிக்கிறே?" என்று கேட்டாள். பாட்டி ஒரு கணம் அவளைப் பார்த்தாள். "உன் குரல் உங்க தாத்தா குரல் மாதிரியே இருக்கு" என்றாள். அதுவும் பிரதியில் இல்லாத வரி. அரங்கில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

திரை விழுந்ததும் அவனைக் கேட்டேன்: "ஏண்டா எடுத்துக் கொடுக்கல்லை?"

"அவங்க ரெண்டு பேரும் பேசிண்டுதானே இருந்தாங்க ஸார். நடுவுல நான் எதுக்கு?" என்றான். தமிழில்தான் சொன்னான்.

வரும் ஆண்டில் உங்கள் சங்கத்தில் பிள்ளைகள் நாடகத்துக்கு ஏற்பாடு செய்பவர்கள் டிசம்பருக்குப் பதிலாக ஜூலையில் தொடங்கிப் பாருங்கள். முதல் ஆறு வாரம் வசனம் கொடுக்காதீர்கள். வீட்டில் ஊருக்குத் தொலைபேசி போடும்போது பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். என்ன பேச வேண்டும் என்று பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுக்க வேண்டாம். கொஞ்சம் தடுமாறுவார்கள். பிறகு பேசுவார்கள்.